கூட்டத்தில் சேராத கோணம்

மூலக்கூறுகளின் வடிவம் பார்க்கிற தொழிலில் ஒரு வசதி உண்டு, நாம் பார்க்கிற பொருள் யார் கண்ணுக்கும் தெரியாது. ஒரு கஷ்டமும் உண்டு, நாம் செய்கிற தப்பு மட்டும் எல்லார் கண்ணுக்கும் தெரியும்.

தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியலில் முனைவர் பட்ட ஆராய்ச்சி செய்தேன். ஒரே ஓர் எண்ணோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டியவர்கள், ஒரே கணக்கைக் கணினியில் திரும்பத் திரும்ப ஓட்டிவிட்டு அதே பதிலை வெறித்துப் பார்த்தவர்கள், "இன்னும் முடியலையா?" என்ற கேள்விக்குப் பயந்து கல்யாண வீடுகளுக்குப் போகாமல் ஒளிந்துகொண்டவர்கள், இவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம், பெரிய வேதியியல் ஒன்றும் இதில் கிடையாது.

கண்டெய்னர்

என் அண்ணன் டேனியல் துறைமுகத்தில், சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்துக் கொடுக்கிற ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் வேலை பார்க்கிறான். அவனோடு வேலை பார்ப்பவர்கள், "தங்கச்சி என்ன படிக்கா?" என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவில்லை என்று ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்துக்கொண்டான். நானும் பொறுமையாகச் சொன்னேன். கடல்பாசியிலிருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுக்கிறேன். அதைப் படிகமாக வளர்க்கிறேன். அந்தப் படிகத்துக்குள் எக்ஸ்ரே விட்டால், அணுக்கள் எது பக்கத்தில் எது, எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் இருக்கின்றன என்று தெரியும். உலகத்தில் இதுவரை இப்படிக் கண்டுபிடித்த லட்சக்கணக்கான அமைப்புகளை ஒரே இடத்தில் தொகுத்துக் கணினியில் வைத்திருக்கிறார்கள். கடைசியில் என் மூலக்கூறின் வடிவத்தை அந்தத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். எங்கேயாவது வழக்கத்துக்கு மாறாக இருந்தால் அது காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணன் மீன் முள்ளை ஓரமாக ஒதுக்கினான். "அப்பம் நீயும் ஸ்கேனிங்தான் பாக்குத. உள்ள என்ன சரக்கு கெடக்குன்னு தொறக்காமப் பாக்கணும், பொறவு பேப்பர்ல உள்ளதோட ஒத்துவருதான்னு பாக்கணும். கண்டெய்னர்தான் கொஞ்சம் சின்னது."

மெல்ரினின் இரட்டைப் பிணைப்பு

எங்கள் ஆய்வகத்தில் என் பக்கத்து மேசை மெல்ரினுடையது. மணப்பாட்டுக்காரி. எனக்கு முன்னாலேயே அவள் ஒரு படிகத்தைத் தீர்த்துவிட்டாள். அதாவது, அணுக்களெல்லாம் அதனதன் இடத்தில் உட்கார்ந்து, படம் வரைந்து, பெயரும் எழுதியாயிற்று. ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருளில் போட்டதும் ஒரே ஓர் இடத்தில் சிவப்புக் கோடு விழுந்தது. ஒரு கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவில் அவள் இரட்டைப் பிணைப்பு வரைந்திருந்தாள். ஆனால் நீளமோ, உலகத்தில் உள்ள அந்த மாதிரி இரட்டைப் பிணைப்பு எதற்கும் இல்லாத நீளம்.

மெல்ரின் லேசில் விடுகிறவள் இல்லை. மென்பொருள் பழசு என்றாள். ஒப்பிட எடுத்த மூலக்கூறுகள் சரியில்லை என்றாள். அவளோடு சேர்ந்து நானும் அந்த மென்பொருளைத் திட்டினேன். கடைசியில் மூலத் தகவல்களை மறுபடி திறந்து அந்த ஆக்சிஜனைச் சுற்றி நிதானமாகத் தேடினால், ஓரமாக ஒரு ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹைட்ரஜன் இருந்தால் அது ஒற்றைப் பிணைப்பு. ஒற்றைப் பிணைப்புக்கு அந்த நீளம் கன கச்சிதம். அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தில் சிவப்புக் கோட்டுக்குத் தனி மரியாதை வந்துவிட்டது. ஹைட்ரஜனைச் சேர்த்து முடித்துவிட்டு மெல்ரின் கணினியைப் பார்த்துச் சொன்னாள்: "இதுக்கு மட்டும் வாய் இருந்துச்சு, 'நான் அப்பவே சொன்னம்லா'ன்னு நம்மள வெளியில தலைகாட்ட விட்டுருக்காது."

என் முறை

என் மூலக்கூறில் ஒரு பெரிய வளையம் உண்டு. எட்டு அணுக்கள் கைகோத்து நிற்கிற வளையம். அதில் ஓர் ஆக்சிஜன். ஆக்சிஜனுக்குப் பக்கத்துக் கார்பனில் ஒரு புரோமின் தொங்கும். இப்படிப்பட்ட வளையம் தட்டையாக இருக்காது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி அங்கங்கே முறுக்கிக்கொள்ளும். எந்த இடத்தில் எவ்வளவு முறுக்கு என்பதைத்தான் கோணமாக அளப்போம்.

மென்பொருள் என் வளையத்தைப் போன்ற வளையங்களைத் தேடி எடுத்து, எந்த அளவு முறுக்கில் எத்தனை வளையங்கள் என்று தூண் தூணாக வரைந்து காட்டியது. நீளங்கள் சரி. மற்றக் கோணங்கள் சரி. ஒரே ஒரு முறுக்கு மட்டும் சிவப்பு. தூண்களெல்லாம் இடது பக்கம் கும்பலாக நிற்கின்றன. என் அளவைக் காட்டுகிற கோடு வலது பக்கம், ஒரு தூணும் இல்லாத வெறும் இடத்தில் தனியாக நிற்கிறது. மெல்ரினுக்கு நடந்ததை நினைத்துக்கொண்டு விட்டுப்போன ஹைட்ரஜன் உண்டா என்று தேடினேன். அணு எதையாவது மாற்றி எழுதிவிட்டேனா, ஒரே இடத்தில் இரண்டு விதமாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பார்த்தேன். ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் வழிகாட்டிப் பேராசிரியர் கனகராஜ் சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். "ஊர்ல உள்ள வளையமெல்லாம் ஒரு பக்கமாத் திரும்பியிருக்கு. ஒன்னோடது மட்டும் யார்ட்டம்மா கோவிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிச்சு?"

ஜெபக் குறிப்பு

எங்களுக்குச் சொந்த ஊர் சாத்தான்குளம். அம்மா அங்கே பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்ற பிறகு, எங்களோடு தூத்துக்குடிக்கு வந்துவிட்டார்கள். காலையில் ஜெபம் பண்ணும்போது யார் யாருக்கு என்ன வேண்டும் என்று தெளிவாகக் கேட்டுக்கொண்டுதான் தொடங்குவார்கள். பொத்தாம்பொதுவாக ஜெபிப்பது அம்மாவுக்குப் பிடிக்காது.

நான் சாப்பிடாமல் அலைவதைப் பார்த்து விசாரித்தார்கள். சொன்னேன். ஒரு கோணம் எல்லாரும் எதிர்பார்க்கிற இடத்தில் இல்லை, தப்பாக இருந்தால் என் உழைப்பு வீண், சரியாக இருந்தால் யாரும் நம்பப்போவதில்லை என்றேன்.

"ஏளா பியூலா, அப்பம் ஆண்டவர்ட்ட நான் என்னன்னு கேக்க? அந்தக் கோணம் மாறணும்னா, மாறக் கூடாதுன்னா?"

"மாறக் கூடாதுன்னு கேளுங்கம்மா."

அம்மா வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்கள். முப்பது பிள்ளைகளின் விடைத்தாளை ஒரே பார்வையில் எடைபோட்ட பார்வை அது. "நெசம் எதுவோ அதுவே வெளிய வரட்டும்னு கேக்குதேன். அதுல ஒனக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லியே?"

பக்கத்து ஊர்க்காரர்கள்

கட்டுரையை எழுதி ஒரு பத்திரிகைக்கு அனுப்பினோம். மதிப்பீடு செய்தவர் யாரென்று நமக்குச் சொல்லமாட்டார்கள். அவர் எழுதியதன் சாரம் இதுதான்: இப்படி ஒரு வடிவம் இருக்க வாய்ப்பில்லை, ஆசிரியர்கள் தங்கள் படிகத்தை மறுபடி ஒழுங்காகப் பரிசோதிக்கவும். கனகராஜ் சார் அந்தக் கல்வியாண்டோடு ஓய்வுபெறுகிறார். அதற்குள் என் ஆய்வேடு போகாவிட்டால் வேறு வழிகாட்டியைத் தேடி, மறுபடி முதலிலிருந்து விளக்கம் சொல்ல வேண்டும். "அந்த ஒரு மூலக்கூற மட்டும் தூக்கிப் போட்டுரும்மா, மிச்சம் உள்ளது பட்டத்துக்குப் போதும்" என்றார் சார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. என் மேல் அக்கறை இருந்ததால்தான் சொன்னார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. தூண்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு, அந்தத் தூண்களுக்குள் இருந்த மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன். பாதி வழியிலேயே விஷயம் பிடிபட்டது. எட்டு அணு வளையங்கள்தான், ஆக்சிஜனும் இருக்கிறது. ஆனால் ஆக்சிஜனுக்குப் பக்கத்தில் புரோமின் தொங்குகிற வளையம் ஒன்றுகூட அந்தக் கூட்டத்தில் இல்லை. மென்பொருள் என்னை ஒப்பிட்டது பக்கத்து ஊர்க்காரர்களோடு. என் ஊர்க்காரர் ஒருவர்கூட அதில் கிடையாது.

இதைச் சாரிடம் சொன்னேன். ஒத்துக்கொண்டார். ஆனாலும் ஒரு சந்தேகத்தைச் சொன்னார். படிகத்துக்குள் மூலக்கூறுகள் நெருக்கியடித்துக்கொண்டுதான் இருக்கும். பக்கத்தில் இருப்பது இடித்ததால்கூட என் வளையம் அப்படித் திரும்பியிருக்கலாம். நியாயமான சந்தேகம். அதற்கு ஒரே வழி, வேறு கரைப்பானில் கரைத்து வளர்த்த, மூலக்கூறுகள் வேறு விதமாக அடுக்கிய இன்னொரு படிகம். அதிலும் இதே முறுக்கு இருந்தால், அது அந்த வளையத்தின் சொந்தக் குணம். "செய்யுதேன் சார்" என்றேன். சார் மேசையில் இருந்த நாள்காட்டியை என் பக்கம் திருப்பிவைத்தார். "நான் ரிட்டயர் ஆகுறதுக்குள்ள கொண்டாம்மா. அதுக்குப் பிறகு எங்கிட்ட கையெழுத்து இருக்கும், அதுக்கு மதிப்பு இருக்காது."

மணப்பாட்டுப் பாறை

படிகம் வளர்க்கச் சரக்கு வேண்டுமே. பாசியிலிருந்து எடுத்து வைத்திருந்தது தீர்ந்துபோயிருந்தது. அந்தப் பாசி மணப்பாட்டில், அலை வற்றும்போது தெரிகிற பாறைகளில் கருஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும். மெல்ரின் தன் வேலையைப் போட்டுவிட்டு என்னோடு ஊருக்கு வந்தாள். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடந்தன. மெல்ரினுடைய அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வைக்கு ஒன்றுபோல இருக்கிற பாசி அங்கே நிறைய உண்டு. தப்பானதை அள்ளிக்கொண்டு போனால் எல்லாம் வீண். ஒவ்வொரு கொத்தாகக் கிள்ளி, முகர்ந்து, நுனியைப் பார்த்து, வாளியில் போட வேண்டும். பாறை வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. கழுவிவிட்டு வா என்று மெல்ரின் சொன்னாள். அலை ஏறுவதற்குள் வாளி நிறைய வேண்டும் என்று நான் எழுந்திருக்கவில்லை. நிறைந்தது. தலைச்சுமையாக வாளியோடு கரைக்கு வந்தபோது மெல்ரினுடைய அப்பா இரண்டு இளநீரை வெட்டி நீட்டினார். "எம்மேயிக்குப் போற பிள்ளையளத் தெரியும், டாக்டருக்குப் போற பிள்ளையளத் தெரியும். இம்புட்டுப் படிச்சிட்டுப் பாறையில தவந்து பாசி பொறுக்குறத இன்னைக்குத்தான் பாக்குதேன். எங்கப்பன் என்னைய அஞ்சாப்போட நிப்பாட்டுனதுல தப்பில்ல போலிருக்கு."

காலி பாட்டில்

பாசியைக் காயவைத்து, ஊறவைத்து, பிரித்து, சுத்தம் செய்து எடுப்பதற்குள் தூத்துக்குடிக்கே உரிய வெக்கை வந்துவிட்டது. ஒரு கரைப்பானில் போட்டேன், எண்ணெயாக மிதந்தது. இன்னொன்றில் போட்டேன், பிசின் மாதிரி அடியில் ஒட்டிக்கொண்டது. இன்னொன்றில் அழகான படிகம் வந்தது. பார்த்தால் முதல் படிகத்தின் அதே அடுக்கு. அது எனக்கு உதவாது. மின்சாரம் போய் ஏசி நின்ற ஒரு மத்தியானம் வளர்ந்துகொண்டிருந்தது மொத்தமும் கரைந்தது. அழுகை வந்தது. அழுதுவிட்டு, அதே குப்பிகளைக் கழுவிக் காயவைத்து மறுபடி ஊற்றினேன். இருக்கிற கரைப்பான் எல்லாவற்றையும் இரண்டிரண்டாகக் கலந்து பார்த்துவிடுவது என்று முடிவுபண்ணிக்கொண்டேன். தினம் காலையில் குப்பிகளை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். "ஆட்டாதளா" என்று மெல்ரின் என் கையில் அடிப்பாள்.

ஒருநாள் ஒரு குப்பியின் அடியில் நாலைந்து குட்டிப் படிகங்கள் மின்னின. உப்புத் துகளைவிடச் சின்னது. உருப்பெருக்கியில் பார்த்தால் ஓரங்கள் கூர்மை, விரிசல் கிடையாது, பழைய படிகத்தின் வடிவமும் இல்லை. எக்ஸ்ரே எடுக்கிற பெரிய கருவி சென்னையில் ஒரு நிறுவனத்தில் இருந்தது. குப்பியைப் பஞ்சில் பொதிந்து, டப்பாவில் வைத்து, அதை இன்னொரு டப்பாவில் வைத்து, கூரியர் கடைக்குக் கொண்டுபோனேன். உள்ளே என்ன என்று கேட்டான் கடைப் பையன். படிகம் என்றேன். முத்தா என்றான். முத்து இல்லை, பார்த்துக்கொள் என்று திறந்து காட்டினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். குலுக்கப் போனவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டேன். அவன் முகத்தில் நிஜமான இரக்கம். "காலி பாட்டில எதுக்குக்கா இம்புட்டுப் பத்திரமா அனுப்புதிய?"

சிவப்பைப் பார்த்துச் சிரித்தது

கூரியரை நம்பாமல் நானே ரயிலில் கொண்டுபோனேன். மடியில் டப்பாவை வைத்துக்கொண்டு, பக்கத்து இருக்கைக் குழந்தை கை வைக்காமல் பார்த்துக்கொண்டு, சென்னை போய்ச் சேர்ந்தேன். கருவியைக் கவனிப்பவர் வனிதா மேடம். அதிகம் பேசமாட்டார்கள். படிகத்தை ஊசி நுனியில் ஒட்டிக் கருவியில் ஏற்றி, குளிர்ந்த காற்றைத் திருப்பிவிட்டார்கள். முதல் அளவுகள் வந்தவுடனேயே அடுக்கு புதிது என்று தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு காத்திருப்பதுதான் வேலை. கேண்டீனில் வாங்கிய டீ ஆறிப்போய்க் கிடந்தது.

அமைப்பு தீர்ந்தபோது ஒன்றுக்கு இரண்டாக வந்தது. இந்த அடுக்கில் ஒன்றையொன்று சாராத இரண்டு மூலக்கூறுகள் இருந்தன. இரண்டுக்கும் அக்கம்பக்கம் வேறு வேறு. ஒன்றை இடிப்பது இன்னொன்றை இடிக்கவில்லை. வளையத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டும் அதே முறுக்கு, அதே பக்கம். ஒப்பிடுகிற மென்பொருளில் போட்டேன். அதற்கென்ன தெரியும், அது பழையபடி சிவப்பாகத்தான் போட்டது. இந்தத் தடவை இரண்டு சிவப்புக் கோடுகள், ஒன்றோடு ஒன்று ஒட்டின மாதிரி பக்கத்தில் பக்கத்தில். நான் என்னை மறந்து சிரித்துவிட்டேன். வனிதா மேடம் தன் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தார்கள். "இத்தனை வருஷத்துல சிவப்புக் கோட்டைப் பார்த்து இங்க நிறைய பேர் அழுதிருக்காங்க. சிரிச்ச முதல் ஆள் நீதாம்மா."

போன்

கட்டிடத்துக்கு வெளியே வந்து வேப்பமர நிழலில் நின்றுகொண்டு கனகராஜ் சாருக்குப் போன் செய்தேன். புது அடுக்கு, இரண்டு மூலக்கூறு, இரண்டிலும் அதே முறுக்கு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் எண்களைக் கேட்டார், சொன்னேன். எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. வெப்பநிலை என்ன என்றார். அணு எதற்காவது இரண்டு இடம் காட்டுகிறதா என்றார். இல்லை என்றேன். எழுதிய எண்களை எனக்கு ஒருமுறை வாசித்துக் காட்டிச் சரிபார்த்துக்கொண்டார். "ரொம்பச் சந்தோசம். ஊருக்கு வந்து எழுது, அனுப்புவோம். மூணாவதா ஒரு கிரிஸ்டல் வளத்துப் பாக்கட்டுமா சார்னு மட்டும் கேட்டுராத."

அசாமிலிருந்து ஒரு பெண்

கட்டுரை வெளிவந்தது. அதே மதிப்பீட்டாளர்தான் என்று நினைக்கிறேன், இரண்டாம் தடவை எதிர்ப்பே சொல்லவில்லை. சார் ஓய்வுபெறுவதற்கு முன்பே ஆய்வேடும் போய்ச் சேர்ந்தது. என் இரண்டு படிகங்களும் அந்த லட்சக்கணக்கான அமைப்புகளோடு சேர்ந்தன. நான் இப்போது சாயர்புரம் பக்கம் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பஸ்ஸில் போய்வருகிறேன்.

சில மாதங்களுக்கு முன்னால் அசாமிலிருந்து முன்பின் தெரியாத ஒரு பெண் எழுதியிருந்தாள். அவளும் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய வளையத்திலும் அதே இடத்தில் புரோமின். ஒப்பிட்டுப் பார்த்தால் அவளுக்கும் தூண்களெல்லாம் ஒரு பக்கம். அவள் கோடு இன்னொரு பக்கம். ஆனால் அவள் கோட்டுக்குப் பக்கத்தில் குட்டையாக ஒரு தூண் இருந்ததாம். திறந்து பார்த்தால் அது நான் போட்டது. என்ன செய்தீர்கள், எப்படி நிரூபித்தீர்கள் என்று கேட்டிருந்தாள். கல்லூரி விட்டு வந்து உட்கார்ந்து, எந்தெந்தக் கரைப்பான் எண்ணெயாகும், எது பிசினாகும், எந்தக் கலவையில் புது அடுக்கு வந்தது என்று ஒன்று விடாமல் எழுதினேன். மின்சாரம் போனால் ஏசியை நம்பாதே என்பதையும் எழுதினேன். போன வாரம் அவளிடமிருந்து பதில் வந்தது. ஆங்கிலத்தில் அவள் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "என் பேராசிரியர் இன்னும் நம்பவில்லை மேடம். ஆனால் அதைத் தூக்கிப் போடு என்று சொல்வதை நிறுத்திவிட்டார்."

மொத்தத்தில், இத்தனை வருஷம் படித்து, பாறையில் விழுந்து, டாக்டர் பட்டமும் வாங்கி நான் உலகத்துக்குச் சொன்ன சேதி, மணப்பாட்டுப் பாசிக்குள் இருக்கிற ஒரு வளையம் கொஞ்சம் அந்தப் பக்கமாகத் திரும்பியிருக்கிறது, அதை யாரும் நேராக்க வேண்டாம் என்பதுதான்.